நாலாவது அசைவு

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மூன்று உபயோகங்கள் உண்டு. பகலில் வடாம் காயும். இரவில் நான் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எழுத வேண்டிய அத்தியாயத்தை ஏன் இன்னும் எழுதவில்லை என்பதற்குக் காரணங்கள் யோசிப்பேன். இரண்டுக்கும் நடுவே, சாயங்காலம் ஆறு மணிக்கு, என் பேத்தி காற்றோடு சண்டை போடுவாள்.

'காற்றோடு சண்டை' என்பது நான் வைத்த பெயர். அவள் அதற்குச் சொல்லும் பெயர் கட்டா.

"கட்டா என்றால் என்னம்மா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"கராத்தேயில ஒரு பாடம் தாத்தா. தினமும் செஞ்சே ஆகணும்."

"ஓகோ, கட்டாயத்தில் பாதி போலிருக்கிறது!" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். தாம் சொன்ன ஹாஸ்யத்துக்குத் தாமே சிரிக்கும் வழக்கம் எழுத்தாளர்களிடம் கொஞ்சம் அதிகம்.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது 2021 ஆகஸ்டு மாதத்தில். தொற்றுநோயால் ஒரு வருஷம் தள்ளிப்போன ஒலிம்பிக் பந்தயங்கள் டோக்கியோவில் நடந்துகொண்டிருந்தன. வீட்டோடு அடைந்து கிடந்த எங்களுக்குத் தொலைக்காட்சிதான் தெருவாக இருந்த காலம். ஒரு நாள், புடோகான் அரங்கத்தில், கியூனா ரியோ என்பவர் எதிரே ஒரு ஈ காக்கை கூட இல்லாமல் தன்னந்தனியாக நின்று கையையும் காலையும் வீசினார். அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் ஓகினாவாத் தீவைச் சேர்ந்தவர். அந்தத் தீவுக்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. மேடையில் ஏறும்போது, காலமாகிவிட்ட தம் தாயாரின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது பத்து வயதான என் பேத்தி கண்ணைத் துடைக்கவில்லை. "எனக்கு இது வேணும்" என்றாள்.

பள்ளிக்கூடங்கள் திறந்ததும் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டோம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய், வெள்ளைக் கச்சை. முதலில் சொல்லிக் கொடுத்த கட்டாவுக்கு 'ஹெய்யான் ஷோதான்' என்று பெயர். மொத்தம் இருபத்தொரு அசைவுகள். நிதானமாகச் செய்தாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். எனக்கே அது மனப்பாடமாகி விட்டது. முதலில் இடது பக்கம் திரும்பி, முன்கையால் கீழே வழித்துத் தள்ளுவாள். ஓர் அடி முன்வைத்துக் குத்துவாள். அப்படியே பின்புறமாகத் திரும்பி, வலக்கையால் மறுபடி வழித்துத் தள்ளுவாள். நாலாவதாக ஒன்று வரும்: நீட்டிய அந்த வலக்கையை வெடுக்கென்று உள்ளே இழுத்து, முன்காலையும் பாதி பின்னுக்கு வாங்கி, கையை ஒரு வட்டமாகச் சுழற்றி, முஷ்டியின் அடிப்பாகத்தால் சுத்தியல் போல் இறக்குவாள். இப்படியே எட்டுத் திக்கில் பாதியைச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பாள்.

இதில் எனக்கு ரொம்ப வேடிக்கையாக இருந்தது இன்னொரு விஷயம். ஒரு கை குத்தப் போகும்போதெல்லாம் மற்றக் கை இடுப்புக்கு வந்துவிடும். "முகத்தைக் காப்பாற்ற வேண்டிய கை இடுப்பில் என்னம்மா செய்கிறது? பையில் சில்லறை இருக்கிறதா என்று பார்க்கிறதா?" என்பேன். அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் அவள் சிரிக்கவில்லை. மாடியில் பாதிக் கட்டாவில் நின்று, "தாத்தா, இந்த நாலாவது எதுக்கு?" என்று கேட்டாள்.

"எது?"

"கையை இழுத்துட்டு அடிக்கிறது. ஏன் இழுக்கணும்?"

"உங்கள் மாஸ்டரைக் கேட்பதுதானே?"

"கேட்டேன். 'கேள்வி கேக்காம செய், வரும்'னாரு."

எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பதில் தெரியாத இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லி மழுப்பிவிடுவது நாற்பது வருஷமாக எழுதிப் பிழைப்பவனுக்குக் கைவந்த வித்தை. "எதற்குமில்லையம்மா. அழகுக்குத்தான். நாட்டியத்தில் முத்திரை பிடிப்பதில்லையா, அந்த மாதிரி" என்றேன்.

"அப்ப நிஜத்துல ஒண்ணும் கிடையாதா?"

"நிஜத்தில் எவன் வரிசைப்படி உன்னிடம் அடி வாங்க வருவான்?"

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கச்சையை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அடுத்த வாரம் அந்த வெள்ளை உடை மடித்து அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது. பரீட்சை நெருங்குகிறது, படிக்க வேண்டும் என்றாள். நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

மூன்று வாரம் கழித்து என் மகள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். விஷயத்தைச் சொன்னாள். குழந்தை டியூஷன் முடிந்து மாடிப்படியில் இறங்கியிருக்கிறாள். விளக்கில்லாத திருப்பத்தில் ஒருவன் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். அவள் கத்தவில்லை, கையை இழுக்கவுமில்லை, கல்லாக நின்றுவிட்டாள். மேலேயிருந்து யாரோ ஓர் அம்மாள் பேசிக்கொண்டே இறங்கிவரும் சத்தம் கேட்டதும் அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. அதை அவள் தாயிடம் சொல்வதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"அதுக்கு மறுநாள் உங்ககிட்ட வந்து என்னமோ கேட்டாளாமே அப்பா?" என்றாள் என் மகள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று இரவு மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். வாசகர்களிடம் மறைப்பானேன்? வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் சிலர் குடிப்பார்கள், சிலர் கோயிலுக்குப் போவார்கள், நான் படிப்பேன். அடுத்த சில வாரங்கள் ஓகினாவாவைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஓகினாவா இன்று ஜப்பானின் தென்கோடி. ஒரு காலத்தில் அது ரியூக்யூ என்ற தனி ராஜ்யம். சீனத்தோடு வியாபாரம் செய்து, அங்கிருந்து கைச்சண்டை வித்தைகளையும் கற்றுக்கொண்டு, சொந்த வித்தையோடு கலந்து வளர்த்த ராஜ்யம். 1609-இல் ஜப்பானின் சத்சுமா பிரபுக்கள் படையெடுத்து அதை அடக்கினார்கள்; 1879-இல் ஜப்பானிய அரசு அதை ஒரு மாவட்டமாகவே ஆக்கிக்கொண்டது. அந்தத் தீவில் கராத்தேயை ஏட்டில் எழுதிவைத்துப் பாடம் சொன்னவர்கள் அபூர்வம். ஆசிரியர் செய்து காட்டுவார், சீடன் பார்த்துச் செய்வான். பிடியும் அடியும் விடுபடுதலுமாக ஒரு தலைமுறை கண்டுபிடித்ததை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக அவர்களிடம் இருந்த முக்கியமான புத்தகம் கட்டா. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வடிவம், அச்சு என்று அர்த்தம்.

ஃபுனகோஷி கிச்சின் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அந்தத் தீவில் இருந்தார். 1868-இல் பிறந்தவர். பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, இரவில் கையில் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு குருவின் வீட்டுக்கு நடந்து போவார். முற்றத்தில் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அசாடோ என்ற அந்தக் குரு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். புகழ்ச்சி என்பது வாயில் லேசில் வராது. இன்னொரு குருவான இடோசு அங்கோவிடம் 'நைஹாஞ்சி' என்ற கட்டாவின் மூன்று பகுதிகளைக் கற்க அவருக்குப் பத்து வருஷம் ஆயிற்று. மூன்றே பாடம், பத்து வருஷம்! நானாக இருந்தால் இரண்டாவது மாதமே உடம்பு சரியில்லை என்று கடிதம் எழுதியிருப்பேன்.

என் பேத்தி மாடியில் செய்த அந்தக் கட்டாவின் கர்த்தா இந்த இடோசுதான். ரியூக்யூ அரசரிடம் எழுத்து வேலை பார்த்தவர். 1901-ஆம் வருஷத்தை ஒட்டி ஓகினாவாவின் பள்ளிக்கூடங்களில் கராத்தே நுழைந்ததற்கு அவரே முக்கிய காரணம். குழந்தைகளுக்கென்று சுலபமாக ஐந்து கட்டாக்களை அமைத்து, 'பினான்' என்று பெயர் வைத்தார். ஃபுனகோஷி பிற்பாடு அதை 'ஹெய்யான்' என்று மாற்றினார். எழுத்து ஒன்றேதான், அர்த்தம் அமைதி.

இங்கேதான் ஒரு சங்கடம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணி, தேகப்பயிற்சியாகச் சொல்லிக் கொடுக்கும்போது, எது எதற்காக என்ற பேச்சு தானாகவே பின்னுக்குப் போய்விடுகிறது. உடம்பு தேறினால் போதும், ஒழுங்கு வந்தால் போதும் என்றாகிவிடுகிறது. இது இடோசுவுக்குத் தெரியாமல் இல்லை. 1908-இல் அவர் கராத்தேயைப் பற்றி அதிகாரிகளுக்கு எழுதிய பத்துக் குறிப்புகளில் ஒன்று இதைப் பற்றியதுதான். பயிற்சியைப் பலமுறை செய். ஆனால் ஒவ்வோர் அசைவும் எதற்கு, எந்தச் சமயத்துக்கு என்பதைத் தெரிந்துகொண்டு செய். இவற்றில் வாய்மொழியாக வருவனவும் அநேகம் உண்டு என்பது அதன் சாரம். குருவின் வாய்மொழி கிடைக்காத பிள்ளைக்கு அசைவு மட்டும் மிஞ்சும்.

அதைப் படித்தபோது எனக்கு என் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு ஞாபகம் வந்தது. 'ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு' என்று ராகம் போட்டுக் கத்தியிருக்கிறேன். அது கணக்குக்கு என்பது அப்போது தெரியாது. பாட்டு என்றே நினைத்தேன். ஒரு நாள் அப்பா என்னை மளிகைக் கடைக்கு அனுப்பினார். செட்டியார் 'எட்டு எட்டணா எவ்வளவு?' என்று கேட்டபோது, பாட்டிலிருந்து விடை எழுந்து வந்தது. வாய்ப்பாடு தெரியாமல் கடைக்குப் போனவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்பான். கடைக்கே போகாமல் வாய்ப்பாடு சொல்பவன் கடைசிவரை பாடிக்கொண்டே இருப்பான். என் பேத்திக்குக் கையால் சொல்லும் வாய்ப்பாட்டைக் கற்றுக் கொடுத்தார்கள். கடை ஒன்று இருக்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அவளாகச் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, கடை கிடையாது என்று சொன்னவன் நான்.

இன்னொரு செய்தியும் என்னைத் தூங்கவிடவில்லை. 1945-இல் ஓகினாவாவில் நடந்த யுத்தத்தில் அந்தத் தீவின் ஜனங்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ராஜாக்களின் ஷுரி கோட்டை தரைமட்டமாயிற்று. மியாகி சோஜுன் என்ற ஆசான் தமக்குப் பின் தம் வித்தைக்கு வாரிசு என்று நம்பியிருந்த சீடரை இழந்தார். கியான் சோடோகு என்ற முதிய ஆசான் யுத்தம் ஓய்ந்த அதே வருஷத்தில் இறந்துபோனார். வீடு போயிற்று, ஏடு போயிற்று. மிஞ்சியவர்கள் இடிபாடுகளுக்கு நடுவே நின்று மறுபடி ஆரம்பித்தபோது அவர்களிடம் இருந்தது என்ன? கை காலில் படிந்திருந்த அந்த வரிசைதான். 2021-இல் கியூனா ஒற்றை ஆளாக நின்று செய்தாரே, அது அந்த நெருப்பைத் தாண்டி வந்த சொத்து. அதைத்தான் நான் சில்லறை தேடுகிற கை என்று கேலி செய்தேன்.

படித்தது போதும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். நாலு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடிக் கூடத்தில் ஓர் அம்மாள் கராத்தே சொல்லிக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும். கச்சை கறுப்பு நிறம் தேய்ந்து நூல் வெளுத்துக் கிடந்தது. பேத்தி வர மாட்டேன் என்றாள். "நீ ஒன்றும் செய்ய வேண்டாம். நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, துணைக்கு வா" என்று அழைத்துப் போனோம், என் மகளும் நானும்.

நான் கேள்வியைச் சொன்னேன். நாலாவது அசைவு எதற்கு? அந்த அம்மாள் எனக்குப் பதில் சொல்லவில்லை. என் பேத்தியைப் பார்த்தார். "உனக்கு இந்தக் கட்டா தெரியுமா கண்ணு? மூணாவது வரைக்கும் வந்து நில்லு" என்றார். அவள் தயங்கித் தயங்கி நின்றாள். வலக்கை நீட்டியிருந்தது.

"நான் உன் கையைப் பிடிக்கலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்டதற்காக நான் அவருக்கு ஆயுசு முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன். பேத்தி தன் தாயைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார்.

"இப்ப நாலாவதைச் செய்."

அவள் செய்தாள். காலைப் பின்னுக்கு வாங்கிக் கையை இழுத்தாள். உடம்பின் கனம் முழுவதும் அந்த இழுப்போடு சேர்ந்து போயிற்று. பிடித்த கையின் கட்டைவிரல் பக்கம் திறந்துகொண்டது. மணிக்கட்டு நழுவி வந்துவிட்டது. சுழன்று இறங்கிய முஷ்டி, பிடித்த கையின்மேல் விழாமல் அரை அங்குலத்தில் நின்றது. கூடத்தில் இருந்த மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எந்தப் பிடியிலும் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியா ஒரு பக்கம். சந்து அங்கேதான்" என்றார் அந்த அம்மாள். "ஃபுனகோஷி காலத்திலேயிருந்து இந்த அசைவுக்குச் சொல்ற விளக்கம் இதுதான்."

பிறகு என் சில்லறைக் கைக்கும் விடை கிடைத்தது. இடுப்புக்கு இழுக்கும் கை சும்மா வருவதில்லையாம். எதிராளியின் கையையோ சட்டையையோ பற்றி இழுத்துக்கொண்டு வருகிறதாம். அவன் நிலை தடுமாறி முன்னால் வரும்போது மற்றக் கை போகிறது. பத்தடி தூரத்தில் நின்று முஷ்டி தூக்கும் பந்தயத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் கட்டா அசட்டுத்தனமாகத்தான் தெரியும். ஏற்கெனவே ஒருவன் பக்கத்தில் வந்து உன்னைத் தொட்டுவிட்டான் என்று வைத்துப் பார்த்தால் அர்த்தமாகிறது. திரும்பித் திரும்பி நிற்பதும் நாலு பக்கத்திலிருந்து நாலு பேர் முறை வைத்து வருவதால் அல்ல. ஒரே ஆளுக்கு எதிரே நீ எந்தப் பக்கமாக விலகி நிற்கவேண்டும் என்பதைக் காட்டுவதாகவும் கொள்ளலாம். இப்படி அசைவுகளைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஜப்பானியர் 'புங்காய்' என்று சொல்கிறார்கள். பிரித்தல் என்பதே அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

"அப்படியானால் இது தெரிந்தால் பயமில்லை, இல்லையா?" என்று என் மகள் ஆவலோடு கேட்டாள்.

"பயம் இருக்கும்மா. எனக்கே இருக்கு" என்றார் அவர். "தனியாச் செஞ்சது மட்டும் போதாது. ஒருத்தர் பிடிக்கணும், வேற வேற மாதிரிப் பிடிக்கணும், பலமாப் பிடிக்கணும், நூறு தடவை தோத்துப் பார்க்கணும். அப்பவும் முதல்ல சத்தம் போடு, கை விடுபட்டா ஓடுன்னுதான் நான் சொல்லிக் கொடுப்பேன். கராத்தேயில முதல் அடி நம்மளோடது இல்லைன்னு ஃபுனகோஷி சொல்லியிருக்கார். இந்தக் கட்டா ஆரம்பிக்கிறதே தடுக்கிறதுலதான்." பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நீ உறைஞ்சு நின்னது உன் தப்பு இல்லை கண்ணு. உனக்குச் சொல்லிக் கொடுக்கலை, அவ்வளவுதான்" என்றார். நாங்கள் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் குழந்தை பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்:

"என் கையிலேயே இருந்திருக்கு தாத்தா. எனக்குத்தான் தெரியலை."

"எனக்கும் தெரியவில்லையம்மா. தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். மன்னித்தாளா என்பது தெரியவில்லை. ஆனால் மறுநாள் அலமாரியிலிருந்து அந்த வெள்ளை உடை வெளியே வந்தது. கால்சராய் மூன்று அங்குலம் குட்டையாகிவிட்டிருந்தது.

2024-இல் பாரீஸில் நடந்த ஒலிம்பிக்கில் கராத்தே கிடையாது. எடுத்துவிட்டார்கள். நான் அதைச் சொல்லி ஆறுதல் கூறப் போனேன். "அதனால என்ன தாத்தா?" என்றாள் அவள். எங்கள் மாடியில் அது தொடர்ந்து நடக்கிறது. ஆறு மணிக்கு நாற்காலியை விட்டு நானும் எழுந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா?

முதல் நாள் பூவைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். "கெட்டியாப் பிடிங்க தாத்தா, இப்படிப் பிடிச்சா எனக்கு எப்படி வரும்?" என்று கோபித்துக்கொண்டாள். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பிடித்தேன். அடுத்த க்ஷணம் என் கையில் காற்றுத்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடி வடாம் தட்டில் கிடந்தது.

கண்ணாடிக்குப் புதிய சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த அத்தியாயம் இன்னும் எழுதவில்லை. இப்போது அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது: வலது கை வலிக்கிறது.